சுவிட்ச் நம் வீட்டில், சாவி யார் கையில்?

சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். ஒரு வீட்டில் இதைவிட எளிய எதிர்பார்ப்பு இருக்க முடியாது. கைப்பேசியால் இயக்கும் 'ஸ்மார்ட்' சுவிட்சுகள் வந்த பிறகு, அந்த எளிய எதிர்பார்ப்பே சில வீடுகளில் சிக்கலாகிவிட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் ஆசையாகப் பொருத்திய சுவிட்ச், திடீரென்று ஒருநாள் செயலியில் 'இணைப்பில் இல்லை' என்று காட்டுகிறது. கடையில் கேட்டால், "இது பழைய மாடல், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பதில் வருகிறது. நாமும் மறுபேச்சின்றி வாங்கிவிடுகிறோம்.

2025 ஜூலையில் அமெரிக்காவின் பெல்கின் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 'வீமோ' என்ற பெயரில் தான் விற்ற ஸ்மார்ட் சுவிட்சுகள், பிளக்குகள் பலவற்றுக்கும் 2026 ஜனவரி 31-ஆம் தேதியோடு சேவை நிறுத்தப்படும் என்பதே அது. அந்தச் சுவிட்சுகளுக்குள் எதுவும் எரிந்துபோகவில்லை, எந்தக் கம்பியும் அறுந்துபோகவில்லை. கடல் கடந்து எங்கோ இருக்கும் சேவையகம் நின்றுவிட்டால், வீட்டுச் சுவரில் நல்ல நிலையில் இருக்கும் பொருளும் பாதி செத்துப்போகிறது.

கெடாவில் சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங் பக்கத்துத் தாமான்களில் இன்று பல வீடுகளில் ஏதாவது ஒரு ஸ்மார்ட் பொருள் இருக்கிறது. அதை வாங்கி வருபவரும் பொருத்தச் சொல்பவரும் கெட்டுப்போனால் கையைப் பிசைபவரும் பெரும்பாலும் அந்த வீட்டு இளைஞர்தான். ஆகவே இது மாணவர்களுக்கான பேச்சு. பழைய சுவிட்சில் என்ன பழுது என்று முறையாகக் கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது, வீட்டின் பணத்தையும் பாதுகாப்பையும் உரிமையையும் காக்கும் கல்வி. அந்தக் கல்வி நமக்கு வேண்டும்.

முதல் கேள்வி: கை வைத்தால் எரிகிறதா?

பழுது பார்ப்பதில் முதல் பாடம், பிரச்சினையை இரண்டாகப் பிரிப்பது. செயலியை ஒதுக்கிவைத்துவிட்டு, சுவரில் உள்ள பொத்தானைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால், மின்சாரப் பக்கம் பழுதில்லை. கோளாறு வைஃபையிலோ, ரூட்டரிலோ, செயலியிலோ, சேவையகத்திலோ இருக்கிறது. கையால் அழுத்தியும் எரியவில்லை என்றால், பழுது மின்சாரப் பக்கம்: பல்பு, மெயின் பெட்டி, கம்பி, அல்லது சுவிட்சின் உட்பாகம். இந்த ஒரே சோதனை பாதி வேலையை முடித்துவிடும். இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் செயலியை அழித்து மீண்டும் நிறுவிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது கேள்வி: கடைசியாக வீட்டில் என்ன மாறியது? புது பல்பு போட்டார்களா? புது ரூட்டர் வந்ததா? வைஃபை கடவுச்சொல்லை யாராவது மாற்றினார்களா? முந்தைய இரவு இடி மின்னலா? பெரும்பாலான பழுதுகளின் முகவரி இந்தக் கேள்வியின் பதிலில் இருக்கும்.

மின்சாரப் பக்கம்

பழுது மின்சாரப் பக்கம் என்றால், நன்றாக எரியும் வேறொரு பல்பைப் போட்டுப் பார்ப்பது எளிய சோதனை. மெயின் பெட்டியில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அடுத்து, காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்குள் ரிலே என்ற சிறு மின்காந்த விசை இருக்கும். பொத்தானை அழுத்தும்போது 'டக்' என்ற ஓசை வந்தும் விளக்கு எரியவில்லை என்றால், சுவிட்சின் மூளை வேலை செய்கிறது. பல்பிலோ, ரிலேயின் தொடுமுனையிலோ, அதற்கு அப்பாலோ பழுது. ஓசையே இல்லை என்றால் சுவிட்சுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது உள்ளே இருக்கும் மின்வழங்கிப் பகுதி போய்விட்டது. மின்னல் அதிகம் தாக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஒரு நல்ல இடி இரவுக்குப் பிறகு இப்படி நடப்பது வியப்பில்லை.

விளக்கு அணையவே மாட்டேன் என்கிறதா? ரிலேயின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். எல்.இ.டி. விளக்குகளின் உள்ளே மின்தேக்கி உண்டு. விளக்கைப் போடும் அந்தக் கணத்தில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆயிரக்கணக்கான முறை இப்படி நடக்கும்போது தொடுமுனையில் சிறு பொறி பறந்து, உலோகம் உருகி ஒட்டிவிடுகிறது. இது பழகித் தேய்ந்த சுவிட்ச். இதை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு புகார் நம் ஊர் வீடுகளில் அடிக்கடி கேட்பது: அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக ஒளிர்கிறது அல்லது மினுக்குகிறது. சிலர் பேய் பிடித்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். காரணம் எளிய இயற்பியல்தான். பழைய தாமான் வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி வராது. அது நேராக விளக்குக்குப் போய்விடும். சாதாரண சுவிட்சுக்கு அது தேவையும் இல்லை. ஆனால், வைஃபையோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டிய ஸ்மார்ட் சுவிட்சுக்கு எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். நியூட்ரல் இல்லாத வகைச் சுவிட்ச், அந்தக் கொஞ்ச மின்சாரத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. 60 வாட் குண்டு பல்பு, 240 வோல்ட்டில் கால் ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். அந்தச் சிறு கசிவை அது பொருட்படுத்தாது. 7 வாட் எல்.இ.டி. விளக்கின் திறன் அதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கசிவே அதை ஒளிரவைக்கப் போதும். விளக்கோடு இணையாக ஒரு சிறு மின்தேக்கித் துணைக்கருவியைப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுவிட்ச் கெடவில்லை, பல்பும் கெடவில்லை. இரண்டும் வெவ்வேறு காலத்துப் பொருள்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. சுவிட்சின் மூடியைக் கழற்றி உள்ளே கை வைப்பது மாணவர்களின் வேலை இல்லை. 1990-ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும் வயரிங் வேலையைத் தகுதி பெற்றவர்களிடம்தான் ஒப்படைத்திருக்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழுதுபார்ப்புக் காணொளிகளில் பல, அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அங்கே கறுப்புக் கம்பி உயிருள்ள கம்பி, வெள்ளை நியூட்ரல். நம் வீடுகளின் வழக்கமான வயரிங்கில் சிவப்புதான் உயிருள்ளது, கறுப்பு நியூட்ரல். அந்தக் காணொளியை நம்பி இங்கே கறுப்பையும் சிவப்பையும் கையாள்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

அதைவிட மோசமான குறுக்குவழி ஒன்றும் உண்டு. நியூட்ரல் இல்லை என்பதற்காகப் பச்சை எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்துவது. சுவிட்ச் வேலை செய்யும். கசிவு மிகச் சிறியது என்பதால் ஆர்.சி.சி.பி. உடனே விழாமலும் இருக்கலாம். ஆனால், அந்த எர்த் கம்பி எங்காவது அறுந்தால், அதோடு இணைந்த உலோகப் பாகங்களில் மின்சாரம் ஏறிவிடும். பாதுகாப்புக்காக வைத்த கம்பியே ஆளைத் தாக்கும். வயரிங் செய்ய வருபவர் இப்படி ஏதாவது சொன்னால், வேண்டாம் என்று மறுக்கும் அறிவு வீட்டில் ஒருவருக்காவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

இணைப்புப் பக்கம்

கையால் எரிகிறது, கைப்பேசியால் எரியவில்லை என்றால், நாம் தைரியமாக இறங்கலாம். இங்கே மின் அதிர்ச்சி இல்லை; பொறுமை மட்டும் வேண்டும்.

எல்லாச் சாதனங்களும் நின்றுவிட்டனவா, இந்த ஒன்று மட்டுமா? எல்லாம் என்றால் ரூட்டரையோ இணையச் சேவையையோ பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் என்றால் அந்தச் சுவிட்சையும் அது இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். இடையில் செங்கல் சுவர், இரும்புப் பெட்டி, புதிதாக வைத்த அலமாரி என்று எதுவும் அலையைத் தடுக்கலாம்.

புதிய ரூட்டர் வந்த மறுநாளே பழைய சுவிட்சுகள் மௌனமாவது மிகப் பரவலான கதை. பழைய சுவிட்சுகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே வேலை செய்யும். மலிவு விலைச் சாதனங்களில் பெருமளவு பயன்பட்ட இ.எஸ்.பி.8266 என்ற சில்லு அந்த வகைதான். 5 கிகாஹெர்ட்ஸ் அதற்குக் கேட்கவே கேட்காது. புதிய ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் கலந்து வைத்திருக்கும், டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய பாதுகாப்பு முறையையும் கேட்கலாம். பழைய சுவிட்சுக்கு அந்த மொழி தெரியாது. ரூட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தனியாகப் பிரித்து, டபிள்யூ.பி.ஏ.2 முறையை அனுமதித்து, பழைய ரூட்டரின் அதே வைஃபை பெயரையும் அதே கடவுச்சொல்லையும் கொடுத்துப் பாருங்கள். சுவிட்சைத் தொடாமலேயே அது வீடு திரும்பிவிடும். சுவிட்ச் இன்னமும் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. நாம்தான் வீட்டுப் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டோம்.

அடுத்து ஒரு நல்ல பரிசோதனை. ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும்; வெளியே இருந்து வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றுங்கள். கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் இருந்தபடி செயலியைத் தட்டுங்கள். விளக்கு எரிந்தால், உங்கள் சுவிட்ச் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்கிறது. எரியவில்லை என்றால், மூன்றடி தூரத்தில் உள்ள விளக்கைப் போட உங்கள் கட்டளை வேறொரு நாட்டுச் சேவையகம் வரை போய்த் திரும்புகிறது என்று பொருள். இந்தச் சோதனையைப் பழுது வரும் முன்பே செய்துவைத்தால், உங்கள் வீடு யாரை நம்பி இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

'ரீசெட்' பொத்தானைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். பலர் அதைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். அது சுவிட்சின் நினைவில் உள்ள அத்தனையையும் அழித்துவிடும். மறுபடி பதிவு செய்ய நிறுவனத்தின் சேவையகம் தேவைப்பட்டு, அந்தச் சேவையகம் மூடப்பட்டிருந்தால், ஓரளவு வேலை செய்துகொண்டிருந்த பொருளையும் நாமே முடக்கியவர்கள் ஆவோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, என்ன செய்தோம், என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படிவம் நான்கு அறிவியல் ஆய்வுக்கூடத்தில் 'மாறிகள்' பற்றிப் படித்தோமே, அது இதுதான்.

மூடப்பட்ட கதவுகள்

வீமோ முதல் நிகழ்வு இல்லை. 'ரிவால்வ்' என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை விற்ற நிறுவனத்தை கூகுளின் நெஸ்ட் 2014-இல் வாங்கியது. 2016 மே 15-இல் அதன் சேவை நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் கையில் பயனற்ற பெட்டி மிஞ்சியது. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியோன்' நிறுவனம் முன்னறிவிப்பின்றிச் சேவையகங்களை நிறுத்தியது. ஆனால், அதன் சுவிட்சுகள் மின்கம்பி வழியாகவும் வானொலி அலை வழியாகவும் தங்களுக்குள் நேரடியாகப் பேசக்கூடியவை. செயலி செத்தாலும் சுவரில் இருந்த சுவிட்சுகள் தொடர்ந்து இயங்கின. அதே ஆண்டு ஜூனில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி மீண்டும் இயக்கினார்கள்.

இன்னும் பின்னால் போனால், ஸ்காட்லாந்தின் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் 1975-இல் உருவாக்கிய 'எக்ஸ்10' முறை இருக்கிறது. வீட்டு மின்கம்பியிலேயே சமிக்ஞை அனுப்பும் முறை அது. மெதுவானது, சில நேரம் தவறும். ஆனால், அதற்குச் சேவையகம் கிடையாது. எனவே எவராலும் தொலைவிலிருந்து அதை நிறுத்தவும் முடியாது.

நம் நாட்டிலும் இந்தப் பாடம் நடந்தது. 2021-இன் இறுதியில் 3ஜி சேவை மூடப்பட்டது. 4ஜி வசதியை விரிவாக்க அது தேவையான முடிவாக இருக்கலாம். ஆனாலும் 3ஜி-யை மட்டுமே நம்பிய கருவிகள் அன்றோடு ஊமையாயின. தொழில்நுட்பம் மாறுவதைத் தடுக்க முடியாது. மாறப்போவதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கேட்கலாம் அல்லவா?

கெடாவில் தோட்டத்து வாழ்வை அறிந்த மூத்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு மாலையில் சில மணி நேரம்தான் ஜெனரேட்டர் மின்சாரம். நிர்வாகம் எஞ்சினை நிறுத்தினால் லயம் முழுவதும் இருட்டு. வீட்டுச் சுவிட்சுக்கு மதிப்பில்லை. 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் முதலாளிகளின் கடமைகளை வகுத்தது. பின்னர் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கு வந்த குடும்பங்கள், தங்கள் பெயரில் மின்கட்டண ரசீது வந்தபோது பெருமைப்பட்டன. விளக்கைப் போடுவதும் அணைப்பதும் தங்கள் விருப்பம் என்ற நிலை, எளிதில் கிடைத்ததில்லை. அதை ஒரு செயலியின் 'சம்மதிக்கிறேன்' பொத்தானில் யோசிக்காமல் கைமாற்றிவிடக் கூடாது.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, விற்ற பொருளுக்குப் பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தைத் தருகிறது. ஆனால், அவை கிடைக்காது என்று விற்கும்போதே அறிவித்துவிட்டால் அந்த உத்தரவாதம் பொருந்தாது. அதனால் பெட்டியில் உள்ள சிறு எழுத்துகளையும் படிக்க வேண்டும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமலேயே, 5 வெள்ளி கட்டணத்தில் முன்வைக்கலாம். இந்த வழிகள் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆனால், அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது 'சேவையகம்' என்ற உதிரிப்பாகத்தை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பொருள்களை விற்பவர்கள், எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்ட ஆணையை ஏற்றது. இந்தியா 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனி இணையத்தளம் தொடங்கியது. மலேசியாவிலும் ஸ்மார்ட் பொருள்களின் பெட்டியில், உணவுப் பொட்டலத்தில் காலாவதித் தேதி இருப்பதைப் போல, 'இந்த ஆண்டு வரை சேவை உண்டு' என்று அச்சிடச் சொல்ல வேண்டும். சேவையை நிறுத்தும் நிறுவனம், வீட்டுக்குள்ளேயே இயங்கும் வழியைத் திறந்துவிட்ட பிறகே நிறுத்த வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் இல்லை.

சட்டம் வரும்வரை, வாங்கும்போது நாமே நான்கு கேள்விகள் கேட்போம். இணையம் இல்லாமலும் இது வேலை செய்யுமா? செயலி இல்லாமல், பாட்டி கையால் தட்டினாலும் எரியுமா? நம் வீட்டுச் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் உண்டா? சிரிம் முத்திரை இருக்கிறதா? நான்கில் எதற்காவது தெளிவான பதில் இல்லை என்றால், சாதாரண சுவிட்சே மேல். பழைய ஸ்மார்ட் சுவிட்ச் சூடேறினாலோ, கருகல் வாடை அடித்தாலோ, 'சரசர' என்று ஓசை வந்தாலோ அதைக் காப்பாற்ற நினைக்கவே வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு நம் நாட்டில் 2005 முதல் அட்டவணையிட்ட கழிவாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது; அதற்கான சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.

கையால் நன்றாக எரிந்து, செயலி மட்டும் மூடப்பட்டிருந்தால், தூக்கி எறியும் முன் ஒரு முயற்சி செய்யலாம். 2013-இல் தொடங்கிய 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற இலவசத் திறமூல மென்பொருள், வீட்டில் உள்ள ஒரு சிறு கணினியிலேயே ஓடும். நிறுவனம் கைவிட்ட பல சுவிட்சுகளை அது ஏற்றுக்கொள்கிறது. ஒரு விடுமுறைக் காலத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். ரோபோட்டிக் கழகமோ கணினிக் கழகமோ உள்ள பள்ளிகளும் கல்லூரிகளும், ஆசிரியர் மேற்பார்வையில் இதை ஒரு திட்டப்பணியாக எடுத்துக்கொள்ளலாம்.

இதில் வேலை வாய்ப்பும் இருக்கிறது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லுகளை இன்ஃபினியோன் நிறுவனம் அங்கே 2006 முதல் தயாரிக்கிறது. நம் பெற்றோரும் அண்ணன் அக்காக்களும் பலர் அந்தப் பூங்காவுக்குத்தான் தினமும் பேருந்தில் போய் வருகிறார்கள். உலகத்துக்குச் சில்லு செய்து அனுப்பும் ஊரில், ஒரு சுவிட்ச் ஏன் நின்றது என்று சொல்ல ஆள் இல்லாமல் போகலாமா? எஸ்.பி.எம். முடித்தவர்கள் தொழில்திறன் கல்வியை மதிப்பெண் குறைந்தவர்களின் கடைசிப் புகலிடமாகப் பார்க்கும் பழக்கம் போக வேண்டும். எரிசக்தி ஆணையம் வழங்கும் வயர்மேன் தகுதிச் சான்றிதழும், அதோடு ரூட்டர், வைஃபை, மென்பொருள் அறிவும் சேர்ந்த ஒருவர் இன்று ஒவ்வொரு தாமானுக்கும் தேவை. வயரிங் தெரிந்தவருக்கு வைஃபை தெரிவதில்லை. வைஃபை தெரிந்தவருக்கு வயரிங் தெரிவதில்லை. இரண்டும் தெரிந்தவருக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது.

இந்த வார இறுதியில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் ஸ்மார்ட் சுவிட்சோ பிளக்கோ இருந்தால், இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு அதை இயக்கிப் பாருங்கள். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதி, மெயின் பெட்டியின் அருகே ஒட்டிவையுங்கள். அடுத்த முறை பழுது வரும்போது கடைக்கு ஓடுவதற்கு முன், உங்கள் வீட்டார் அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பார்கள்.